சிப்பிக் குஞ்சுகள் செத்த நாள்

"தலைக்கு எண்ணெய் வச்சிருக்கியா?"

ஆராய்ச்சிக்கூடத்தில் என்னிடம் கேட்கப்பட்ட முதல் அறிவியல் கேள்வி இதுதான்.

கேட்டவர் அந்தக் கூடத்தின் தலைவர். பெரிய சார் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார். கண்ணாடித் தகட்டில் ஒரு துளி கடல்நீர். காலையில் நீந்திக்கொண்டிருந்த முத்துச்சிப்பிக் குஞ்சுகளில் ஒன்றுகூட இப்போது அசையவில்லை.

"வச்சிருக்கேன் சார்."

"பவுடர்?"

"போட்டிருக்கேன்."

அவர் நிமிர்ந்தார். பக்கத்தில் நின்ற ஆராய்ச்சி மாணவன் விவேக்கைப் பார்த்தார். "போதும். காரணம் தெரிஞ்சுபோச்சு" என்றார்.

நான் அங்கே வந்து அரை நாள்கூட ஆகவில்லை.

இந்தத் தொடரை ஆரம்பித்தபோது, "கோபம் வருகிற இடங்களை மட்டும் ஆறப்போட்டு எழுதுங்கள்" என்று இதழில் இருக்கும் நண்பர் ஒருவர் சொன்னார். மற்ற அத்தியாயங்களை அப்படித்தான் எழுதினேன். இது ஆறவில்லை. பல வருடம் மூடி வைத்துப் பார்த்துவிட்டேன். சூடாகவே இருக்கிறது. சூடாகவே தருகிறேன்.

முத்து பார்க்காத முத்து நகரம்

எங்கள் ஊருக்கு முத்து நகரம் என்று பெயர். ரயிலுக்கு முத்து, ஜவுளிக்கடைக்கு முத்து, புரோட்டாக் கடைக்கும் முத்து. என் வகுப்பிலேயே முத்துலட்சுமி, முத்துமாரி, முத்துச்செல்வி என்று ஒரு வரிசை நிறையப் பிள்ளைகள். ஆனால் முத்தையாபுரத்தில் பிறந்து வளர்ந்த நான், எம்.எஸ்சி. விலங்கியல் படிக்கப் போகும்வரை உயிருள்ள முத்துச்சிப்பி ஒன்றைப் பார்த்தது கிடையாது.

எங்கள் தெருவுக்குக் கடல் என்றால் துறைமுகம். அப்பா அங்கே கிரேன் ஓட்டினார். நிலக்கரித் தூள் காலரில் படிந்த சட்டையோடு வீட்டுக்கு வருவார். அந்தச் சட்டையைத் தனியாகத்தான் துவைக்க வேண்டும். கடலில் முத்து இருக்கிறதா என்று சின்ன வயதில் ஒருமுறை கேட்டேன். "நான் மேல இருந்து பாக்கேன். கரியும் உரமுந்தான் தெரியுது" என்றார்.

அதனால்தான் முத்துச்சிப்பி ஆராய்ச்சிக்கூடத்தில் பயிற்சிக்கு இடம் கிடைத்தது என்றதும் எனக்குத் தரையில் கால் பாவவில்லை. செயற்கையாகச் சிப்பிக் குஞ்சுகளைப் பொரிக்க வைத்து வளர்க்கும் இடம் அது. எந்த நிலையம், எந்தச் சாலை என்றெல்லாம் சொல்லப்போவதில்லை. பெயர் சொல்லி அடிப்பதற்காக இதை எழுதவில்லை.

அம்மா தைத்த கோட்டு

அம்மாவுக்கு வீட்டு முன்னறையில் தையல்கடை. ஜாக்கெட்டும் பள்ளிக்கூடச் சீருடையும் தைப்பாள். ஆராய்ச்சிக்கூடத்துக்கு வெள்ளைக் கோட்டு வேண்டும் என்றதும், கடையில் வாங்க விடவில்லை. போனில் படம் பார்த்து அவளே வெட்டினாள்.

"ஏளா மாரி, கைய நீட்டு. தோளு தூக்குதா பாரு."

"தூக்கலம்மா."

"ரெண்டு பை வச்சிருக்கேன். உள்ளுக்குள்ள ஒரு பை. பஸ்ஸுக்குச் சில்லறை அங்கன போட்டுக்க. அப்புறம், போற இடத்துல வாயாடாத. சொல்லிக் குடுக்கதக் கேளு."

என் பெயர் சந்தனமாரி. எங்கள் பக்கத்தில் இந்தப் பெயர் தெருவுக்கு ஒன்று இருக்கும். கூடத்தில் நுழைந்ததும் விவேக் கேட்டான். பிஎச்.டி. முடிக்கும் நிலையில் இருந்த ஆராய்ச்சி மாணவன் அவன். குஞ்சு வளர்ப்புப் பிரிவு முழுக்க அவன் பொறுப்பு.

"சந்தனமாரியா? ரொம்ப நீளம். சாண்டின்னு வச்சுக்கலாம்."

எனக்குப் பிடிக்கவில்லை. முதல் நாள் என்பதால் சிரித்தேன்.

கூட்டுமாறு

கொஞ்சம் பின்னால் போய்விட்டு வருகிறேன். பதினொன்றாம் வகுப்பில் எங்களுக்கு விலங்கியல் எடுத்த வாத்தியார் ஒருவர் இருந்தார். செய்முறை வகுப்பில் கரப்பான்பூச்சியை அறுக்க வேண்டும். பையன்களிடம் கத்தியையும் மெழுகுத் தட்டையும் கொடுப்பார். எங்களிடம் கூட்டுமாறைக் கொடுப்பார். பையன்கள் அறுத்து முடித்த பிறகு நாங்கள் மேசையைத் துடைத்து, தரையைக் கூட்ட வேண்டும்.

"உங்களுக்குப் பாத்தாலே மயக்கம் வரும். எதுக்கு வம்பு?" என்பார்.

மயக்கம் போட்டு விழுந்தது ஒரு பையன்தான். அவனுக்குச் சோடா வாங்கிக் கொடுத்தார்கள். அவன் விட்ட கரப்பானை நான் அறுத்தேன். குடல் அறுபடாமல் முழுசாக வந்தது. வாத்தியார் அதைப் பார்த்துவிட்டு, அந்தப் பையன் பெயரிலேயே மதிப்பெண் போட்டுக்கொண்டார்.

அன்றைக்கு எனக்குக் கோபம் என்று ஒன்று வந்ததே தெரியாது. வயிற்றில் ஏதோ எரிந்தது. பசி என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பளத்தின் பாதி

கூடத்தில் எனக்கு வேலை சொல்லிக்கொடுக்க பிரேமா அக்காவிடம் விட்டார்கள். தருவைகுளத்துக்காரர். ஒப்பந்த வேலையில் உதவியாளராக இருந்தார். அறை முழுக்கப் பெரிய பைபர் தொட்டிகள். ஒவ்வொன்றிலும் காற்றுக் குழாய் இறங்கி, குமிழி விடும் சத்தம் ஓயாமல் கேட்டது. உப்புக் காற்றும் பாசி வாசனையும் சேர்ந்து தொண்டையில் ஒட்டியது.

அக்கா என் தலைக்குத் தொப்பி மாட்டிவிட்டார். கையுறை கொடுத்தார். நான் போட்டுக்கொண்ட பிறகு ஒருமுறை இழுத்துச் சரிபார்த்தார்.

"இங்கன வா. குனிஞ்சு பாரு. மூச்சு விடாத" என்று சிரித்தார்.

மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். தொட்டியில் வெறும் தூசியாகத் தெரிந்ததெல்லாம் உள்ளே உயிராக இருந்தது. உடைத்த அப்பளத்தின் பாதி போல, ஒரு பக்கம் நேராக, மறுபக்கம் வளைவாக, கண்ணாடி போன்ற சின்னஞ்சிறு ஓடுகள். விளிம்பில் மயிர்போல எதுவோ துடிதுடிக்க, சுற்றிச் சுற்றி நீந்தின. ஒன்றோடொன்று மோதி விலகின. ஒன்று நின்று, யோசித்ததுபோல இருந்துவிட்டு, திரும்பிப் போனது.

கண்ணை எடுக்க மனமில்லை. அக்கா தோளைத் தட்டித்தான் எடுக்க வைத்தார்.

"இதுங்களுக்கு இன்னைக்குத் தண்ணி மாத்தணும்" என்று விளக்கினார். "கடல் தண்ணிய அப்படியே விட முடியாது. கிருமி இருக்கும். மொத நாளு குளோரின் ஊத்தி வச்சிருவோம். மறுநாள் தயோன்னு ஒரு உப்பு போட்டு அந்தக் குளோரின முறிப்போம். முறிச்சபெறவுதான் பிள்ளையளுக்கு விடணும். முறிக்காம விட்டா அவ்வளவுதான்."

பிள்ளைகள் என்றுதான் சொன்னார்.

மாலையில் சென்னையிலிருந்து ஆய்வுக்குழு வருகிறது, இந்தத் தொட்டியைத்தான் அவர்களுக்குக் காட்டப் போகிறார்கள் என்றும் சொன்னார். அதைப் பார்த்துவிட்டுத்தான் ஆராய்ச்சியைத் தொடர அனுமதிப்பார்கள்.

குஞ்சுகளை மெல்லிய சல்லடைத் துணியில் இறக்கி, தொட்டியைக் கழுவி, புதுத் தண்ணீர் நிரப்ப வேண்டும். நான் சல்லடையைப் பிடித்துக்கொண்டேன். வெளியே சேமிப்புத் தொட்டியின் வால்வைத் திறப்பது விவேக்கின் வேலை. காதில் போனோடு வந்தான்.

"தம்பி, தயோ போட்டாச்சா?" என்று கேட்டார் அக்கா.

"எல்லாம் ஆச்சுக்கா" என்று போனைக் காதிலிருந்து எடுக்காமலே வால்வைத் திறந்தான்.

தண்ணீர் பாய்ந்து வந்தது. பாசி வாசனைக்கு நடுவே, கழுவிவிட்ட ஆஸ்பத்திரித் தரைபோல ஒரு வாடை லேசாக வந்து போனது. இந்த இடத்தின் வாசனையே இதுதான் போல என்று நினைத்தேன்.

யாரும் கேட்க மாட்டாங்க

மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் பெரிய சார் தொட்டியைப் பார்க்க வந்தார். அப்போதுதான் அந்த எண்ணெய்க் கேள்வி.

"புதுப் பிள்ளைகளைத் தொட்டிப் பக்கம் விடாதேன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்" என்று பிரேமா அக்காவைப் பார்த்துக் கத்தினார். "எண்ணெயும் பவுடருமா வந்து நிக்குதுங்க."

அக்கா தரையைப் பார்த்தார். தொப்பியை மாட்டிவிட்டதும் கையுறையை இழுத்துப் பார்த்ததும் அவர் கைதான். அதை அவர் சொல்லவில்லை.

எனக்கு அந்த வாடை நினைவுக்கு வந்தது. "சார், தண்ணியில குளோரின் இருக்கான்னு பாத்தாச்சா?" என்று கேட்டேன்.

"வந்த அன்னைக்கே எங்களுக்குப் பாடம் எடுக்கிறியா? போய்க் கண்ணாடிச் சாமானையெல்லாம் கழுவு."

கழுவும் அறைக்குப் போனேன். அழவில்லை. பல் மட்டும் ஒன்றோடொன்று அரைத்தது. அலமாரியில் பார்த்தால் ஒரு சொட்டு மருந்துக் குப்பி இருந்தது. கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்டத்துக்காக எங்கள் ஊர்க் குழாய்களில் எல்லாம் நாங்கள் சோதனை செய்த அதே மருந்து. தண்ணீரில் சில சொட்டு விட்டால், குளோரின் இருந்தால் மஞ்சளாகும். இல்லாவிட்டால் நிறம் மாறாது.

இரண்டு சோதனைக் குழாய் எடுத்தேன். ஒன்றில் சேமிப்புத் தொட்டித் தண்ணீர். இன்னொன்றில் குஞ்சுகள் செத்த தொட்டித் தண்ணீர். மருந்தை விட்டேன். இரண்டாவது வெளிறிய மஞ்சளானது. முதலாவது, மஞ்சள் பூசிக் குளித்த தண்ணீர்போல ஆனது.

வாசலில் பிரேமா அக்கா நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பின்னாலேயே விவேக் வந்தான். குழாய்களைப் பார்த்ததும் முகம் செத்துவிட்டது. ஒரே எட்டில் வந்து இரண்டையும் வாங்கிக் கழுவுதொட்டியில் கவிழ்த்தான்.

"சாண்டி, ப்ளீஸ். எனக்கு அடுத்த மாசம் தீசிஸ் கொடுக்கணும். ராத்திரி தயோ போட மறந்துட்டேன். இது தெரிஞ்சா அவர் கையெழுத்துப் போட மாட்டார். உனக்கு என்ன போகுது? நீ இன்டர்ன். உன்னை யாரும் கேட்க மாட்டாங்க."

கெஞ்சியபோது எனக்கு அவன்மேல் பாவமாகத்தான் இருந்தது. அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருந்தால் ஒருவேளை விட்டிருப்பேன்.

மறுபடி தண்ணீர் பிடித்தேன். மறுபடி மருந்து விட்டேன். மறுபடி மஞ்சள். குழாயைக் கையில் பிடித்தபடியே பெரிய சாரின் அறைக்குப் போனேன். பின்னால் விவேக் ஓடிவந்தான்.

சார் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். விவேக்கைப் பார்த்தார். விவேக் தலையைக் குனிந்துகொண்டான். எல்லாம் அவருக்குப் புரிந்துவிட்டது. அது எனக்கும் தெரிந்தது.

"சரி. இதை இங்கேயே வச்சிட்டுப் போ. வெளியே பேச வேண்டாம்."

மன்னிப்பு எதிர்பார்க்கவில்லை. உண்மை தெரிந்துவிட்டது, அது போதும் என்று நினைத்தேன். போய்ச் சாப்பிட்டேன். அம்மா கட்டிக்கொடுத்த புளிச்சோறு இறங்கவும் செய்தது.

வந்தவர்கள்

மாலையில் ஆய்வுக்குழு வந்தது. ஒரு ஆண், ஒரு பெண். இரண்டு பேரும் வயதில் மூத்தவர்கள். கழுத்தில் அடையாள அட்டை. செத்த தொட்டிக்குப் பக்கத்தில் நாங்கள் வரிசையாக நின்றோம்.

பெரிய சார் ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். துரதிருஷ்டம் என்றார். இன்றைக்குக் காலையில்தான் நடந்தது என்றார். பிறகு என் பக்கம் கையை நீட்டி, சிரித்துக்கொண்டே, "நியூ இன்டர்ன். ஹேர் ஆயில், காஸ்மெட்டிக்ஸ். வில்லேஜ் கேர்ள்ஸ், யூ நோ" என்றார்.

அந்த ஆண் சிரித்தார்.

காலையில் தெரியாமல் சொன்னார், சரி. இப்போது தெரிந்தே சொல்கிறார். என் கையிலிருந்து வாங்கிய மஞ்சள் குழாய் அவர் மேசையில் இருக்கும்போதே சொல்கிறார். எனக்குக் காது இரண்டும் அடைத்துக்கொண்டன. குமிழிச் சத்தம் நின்றுவிட்டதுபோல இருந்தது. பள்ளிக்கூடத்தில் வயிற்றில் எரிந்ததே, அது இப்போது நேராகத் தொண்டைக்கு வந்தது. இதற்குப் பெயர் பசியில்லை என்று தெரிந்தது.

எனக்கு அப்போது ஆங்கிலம் வராது. வந்த தமிழில் சொன்னேன்.

"என் கையால இல்ல சார். தண்ணியில குளோரின் முறிக்கல. நான் சோதிச்சுப் பாத்தேன். உங்ககிட்டயும் காமிச்சேன். இப்பவும் பாக்கலாம், தண்ணி அங்கனதான் இருக்கு."

விவேக் சுவரைப் பார்த்தான். பிரேமா அக்காவைப் பார்த்தேன். நேரில் பார்த்தவர், ஒரு வார்த்தை சொல்லுவார் என்று நம்பினேன். அவர் கையுறையைக் கழற்றி, மறுபடி போட்டுக்கொண்டார்.

வந்திருந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீயே சோதிச்சியா? எந்த மருந்து?" என்று தமிழில் கேட்டார். சொன்னேன். "ம்" என்று தலையாட்டினார். பிறகு பெரிய சாரிடம் திரும்பி, "அடுத்த அறையைப் பார்க்கலாமா?" என்றார்.

அவ்வளவுதான். நடந்து போய்விட்டார்கள்.

சார் சிரித்ததும், விவேக் குழாயைக் கவிழ்த்ததும்கூடப் பிற்பாடு மங்கிப்போயின. அந்த அம்மாளின் "ம்" மட்டும் மங்கவில்லை. அவருக்கு விளங்கிவிட்டது. விளங்கிய பிறகும் அடுத்த அறைக்குப் போனார்.

குழுவைக் காரில் ஏற்றிவிட்டு வந்து, பெரிய சார் என்னிடம் அமைதியாகச் சொன்னார். "நாளையிலிருந்து நீ வர வேண்டாம். உங்க காலேஜுக்கு நான் பேசிக்கிறேன்."

வாசல்வரைக்கும் பிரேமா அக்கா பின்னாலேயே வந்தார்.

"ஏளா, கோவிச்சுக்காத. எனக்குக் கான்ட்ராக்ட். வருசா வருசம் அவருதான் நீட்டிக் குடுக்காரு. ரெண்டு பிள்ளைய வச்சிருக்கேன்."

"தெரியுதுக்கா" என்றேன். தெரிந்ததுதான். தெரிந்தும் கோபம் வந்தது. இப்போதும் அவரை நினைத்தால் முதலில் கோபம்தான் வரும். பாவம் பிறகு வரும்.

அம்மா கேட்டது

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் கொட்டினேன். அப்பா செருப்பை மாட்டிக்கொண்டார். "ஏலே, எவன்லே அவன்? நான் போயிக் கேட்டுட்டு வாரேன்" என்று கிளம்பினார். அம்மா அவரைப் பிடித்து உட்காரவைத்தாள். வாயாடாதே என்று சொல்லி அனுப்பியவள், அடுத்து என்னைத்தான் திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

தையல் மிஷினில் இருந்த கையை எடுக்காமல் கேட்டாள். "நீ சொன்னது நெசந்தான?"

"நெசம்மா."

"அப்பம் கையக் கழுவிட்டுச் சோறு தின்னு."

மறுபடியும் மிஷினை மிதிக்க ஆரம்பித்தாள். வழக்கத்தைவிட வேகமாக மிதித்தாள்.

மறுநாள் கல்லூரியில் துறைத்தலைவர் என்னை நிற்கவைத்துத் திட்டினார். "ஒரே ஒரு நாள் வாயை மூடிக்கிட்டு இருக்க முடியாதா? இனிமேல் நம்ம பிள்ளைகள் யாரையாவது அங்க எடுப்பாங்களா?" வேறு எந்தக் கூடத்திலும் எனக்கு இடம் கேட்டுக் கொடுக்கவில்லை. கடைசியில் எங்கள் தெருச் சாக்கடையில் கொசுப் புழு பிடித்து, வீட்டிலேயே ஊறுகாய்ப் பாட்டில்களில் வளர்த்து என் புராஜெக்டை முடித்தேன். வீடெல்லாம் கொசு. அம்மா ஒவ்வொரு பாட்டிலுக்கும் வாய்க்கு மிச்சத்துணி கட்டிக் கொடுத்தாள்.

அந்தக் கொசுப் புழுதான் என்னை மேலே படிக்க வைத்தது. இன்றைக்கு நான் ஒரு கல்லூரியில் பேராசிரியை. சின்னதாக ஒரு ஆராய்ச்சிக்கூடமும் இருக்கிறது. விவேக் பட்டம் வாங்கி வெளிநாடு போனான். அந்தத் தொட்டி விஷயத்தை என்ன காரணம் சொல்லி முடித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆராய்ச்சி நிற்கவில்லை என்று மட்டும் கேள்விப்பட்டேன்.

போன மாதம்

இவ்வளவு காலம் கழித்து இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்று கேட்கலாம்.

போன மாதம் தூத்துக்குடியில் ஒரு கல்லூரி விழாவுக்குப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். போய்ப் பார்த்தால் மேடையில் பெரிய சார். ஓய்வு பெற்றுவிட்டார். தலை முழுக்க நரைத்து, தளர்ந்து, நல்ல மனிதர்போல இருந்தார். என்னை அடையாளம் தெரியாது என்று நினைத்தேன். தெரிந்திருக்கிறது.

மைக்கைப் பிடித்து, "இவங்க எங்க லேப்ல வளர்ந்த பொண்ணு. ஆராய்ச்சியில முதல் அடி எடுத்து வச்சதே எங்ககிட்டதான். அப்பவே தெரியும், இவங்க பெரிய ஆளா வருவாங்கன்னு" என்றார். அரங்கம் முழுக்கக் கைதட்டியது.

அடுத்து என்னிடம் மைக் வந்தது. தயாரித்து வைத்திருந்த பேச்சு மறந்துபோனது. "ஆமா. சாரோட லேப்ல ஒரு நாள் வளர்ந்தேன். மறுநாள் வர வேண்டாம்னு சொல்லிட்டாங்க" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டார்கள். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் பெரிய சார். எழுந்து வந்து என் தோளில் தட்டிக்கொடுத்தார். மாணவர்கள் போனில் படம் எடுத்தார்கள். அந்தப் படத்தில் நானும் பல் தெரியத்தான் நிற்கிறேன்.

அன்று அந்த அரங்கில் சிரித்த பிள்ளைகள் யாராவது இதை வாசித்தால் தெரிந்துகொள்ளுங்கள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.